இதய நோயாளிக்கு ஷாக் சிகிச்சை: "ஃபிட்னஸ் தரவும்" என்று எழுதுவதற்கு முன்

ஒவ்வொரு வருடமும் புது பி.ஜி. மாணவர்கள் மனநல வார்டுக்கு வருகிறார்கள். எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். வெறும் வயிறா, பல்செட்டைக் கழற்றியாச்சா, கையெழுத்து வாங்கியாச்சா என்பதையெல்லாம் வார்டு சிஸ்டரே கேட்டுவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன். இதயமோ நுரையீரலோ பழுதான மனநோயாளிக்கு ஈ.சி.டி. (மயக்கம் கொடுத்து, தலையில் மின்சாரம் பாய்ச்சி வலிப்பு வரவைக்கும் சிகிச்சை) கொடுக்கும்போது நடக்கிற தவறுகள் மட்டும் இங்கே. தருமபுரிப் பக்கம் இதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள்.

"ஃபிட்னஸ் தரவும்" என்ற சீட்டு

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைப்பது இந்த ஒரு வரிதான். 'ஈ.சி.டி.க்கு ஃபிட்னஸ் தரவும்', அதாவது இவர் உடம்பு இதைத் தாங்கும் என்று எழுதித் தரவும், என்று ஓ.பி. சீட்டில் எழுதி, நோயாளியை வீல்சேரில் உட்கார வைத்து, இதய நோய் பிரிவுக்குத் தள்ளிவிடுவது. அங்கே இருப்பவருக்கு நோயாளி ஏன் பேசாமல் இருக்கிறார் என்றும் தெரியாது, ஈ.சி.டி. எத்தனை நிமிட வேலை என்றும் தெரியாது. எதற்கு வம்பு என்று 'ஹை ரிஸ்க்' என எழுதி அனுப்பிவிடுகிறார். நம் ஆள் அதை 'கூடாது' என்று படித்துக்கொள்கிறார்.

அரூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். முன்பே ஹார்ட் அட்டாக் வந்தவர், எக்கோவில் (இதய ஸ்கேனில்) பம்பிங் 30 சதவீதம்தான். கடுமையான மனச்சோர்வு முற்றி, கேட்டடோனியாவாகி (பேச்சும் அசைவும் உறைந்துபோகும் நிலை), வாயில் ஊட்டிய கஞ்சியை விழுங்காமல் அப்படியே வைத்திருந்தார். அதற்குக் கொடுக்கும் லோராசிபாம் மருந்து கொடுத்தும் அசையவில்லை. ஈ.சி.டி. தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சீட்டு போனது, 'ஹை ரிஸ்க்' வந்தது. மறுபடி போனது, 'எக்கோ மறுபடி எடுக்கவும்' என்று வந்தது. மயக்க மருந்துப் பிரிவு, 'கார்டியாலஜி தெளிவாக எழுதட்டும்' என்றது. அவர் மகன் என்னிடம் கேட்டது இது:

"சார், மண்டைக்குப் பாக்குறவங்க நெஞ்சு டாக்டரைக் கேளுங்கறாங்க, நெஞ்சுக்குப் பாக்குறவங்க மயக்க டாக்டரைக் கேளுங்கறாங்க. எங்கப்பாவை யாருதாங்க பாக்குறீங்க?"

அதற்குள் பெரியவருக்கு இடது கால் வீங்கிவிட்டது. அசையாமல் கிடந்ததால் காலில் ரத்தக்கட்டு. அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ரத்தம் உறையாமலிருக்க மருந்து போட்டு, அது நிலைப்பட்ட பிறகுதான் ஈ.சி.டி. வைக்க முடிந்தது. நல்லபடியாகவே போனது. ஆனால் ஆபத்தைத் தவிர்க்கிறோம் என்று தள்ளிப்போட்ட நாட்களில்தான் இல்லாத ஆபத்து ஒன்று வந்து சேர்ந்தது. சிகிச்சை தராமல் இருப்பதற்கும் ஒரு ரிஸ்க் உண்டு. அதை அந்தச் சீட்டில் யாருமே எழுதவில்லை.

சரி, என்னதான் எழுதுவது? முதலில், உடம்பில் நடப்பதை எழுதுங்கள். மின்சாரம் பாய்ந்த சில நொடிகள், இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் ஆட்சி: நாடி குறையும், சிலருக்குச் சில நொடி நின்றே போகும். வலிப்பு தொடங்கியதும் அட்ரினலின் எழும்பி நாடியும் பிபியும் ஏறும். வலிப்பு பெரும்பாலும் 20 முதல் 60 நொடி. ஏறியது சில நிமிடங்களில் இறங்கிவிடும். மயக்கம் மொத்தமும் பத்து நிமிடத்துக்குள் அடங்கும். பொதுவாக ஒரு லட்சம் ஈ.சி.டி.க்கு சுமார் 2 மரணம் என்பதுதான் கணக்கு. இதய நோயாளிக்கு அபாயம் அதைவிடக் கூடுதல், சந்தேகமில்லை. ஆனாலும் 'யாருக்குமே, எந்த நிலையிலும் கூடாது' என்று சொல்லும்படியான நோய் என்று எதுவும் இல்லை.

பிறகு கேள்வியைக் கேளுங்கள். இந்தச் சில நிமிட ஏற்றத்தைத் தாங்க இவருடைய இதயத்தை இன்னும் சீராக்க முடியுமா? எந்த மாத்திரையைக் கூட்டுவது? வால்வு சுருக்கம் எவ்வளவு? அட்டாக் வந்து எத்தனை வாரம் ஆகிறது? (பொதுவாக நான்கு முதல் ஆறு வாரமாவது பொறுப்போம். ஆனால் உணவே இறங்காதவர் விஷயத்தில் அதையும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.) அப்படிக் கேட்டால் பதிலும் வேலைக்கு ஆகிற மாதிரி வரும். இன்னும் நல்லது, சீட்டை அனுப்பாமல் நீங்களே மாடி ஏறிப் போய்ப் பேசுவது.

நெஞ்சுவலி என்றால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓடுகிற ஊர்கள் எங்களுடையவை. பழைய எக்கோவும் ஆஞ்சியோவும் வீட்டு பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

மஞ்சப்பையைக் கவிழ்க்காமல் மருந்துப் பட்டியல் எழுதுவது

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியில் வருடக்கணக்கில் தூசி குடித்தவர்கள், விறகடுப்புப் புகையில் காலம் கழித்த அம்மாக்கள் வருவார்கள். இவர்கள் மூச்சிரைப்புக்கு டெரிஃபிலின் சாப்பிடுவார்கள். யாரோ எப்போதோ எழுதியது, மெடிக்கலில் கேட்டால் கிடைக்கிறது. "வேற மாத்திரை உண்டா?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லைங்க" என்பார்கள். அது அவர்களுக்கு மாத்திரைக் கணக்கிலேயே சேராது.

அதில் இருப்பது தியோஃபிலின் வகை மருந்து. அது உள்ளே இருக்கும்போது ஈ.சி.டி. வைத்தால் வலிப்பு நிற்காமல் நீளக்கூடும், ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ் (தானாக நிற்காத, உயிருக்கு ஆபத்தான வலிப்பு) வரைக்கும் போகலாம். ஏற்கெனவே ஆக்சிஜன் தடுமாறும் நுரையீரல் அதைத் தாங்காது. பையை வாங்கி மேசையில் கவிழ்த்துப் பாருங்கள். இருந்தால், நுரையீரல் மருத்துவரிடம் பேசி இன்ஹேலருக்கு மாற்றிக்கொண்டு பிறகு தொடங்குங்கள். அந்த இன்ஹேலரையும் ஈ.சி.டி. அன்று காலையில் இழுக்கவைத்து, பிறகு தியேட்டருக்கு அனுப்புங்கள்.

பூச்சிமருந்து விவரத்தைக் கேட்கக் கூச்சப்படுவது

விவசாய மாவட்டம். பூச்சிமருந்து குடித்து, ஐ.சி.யு.வில் பிழைத்து, அங்கிருந்து நேராக நம் வார்டுக்கு வருகிறவர்கள் உண்டு. சிலர் வேறு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டார் மானத்துக்குப் பயந்து 'வயித்துவலி' என்று சொல்லி மாதம் கழித்து வருவார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்புக்குள் போயிருந்தால், ஈ.சி.டி.யில் தசையைத் தளர்த்தப் போடும் சக்சினில்கோலினை உடைக்கும் என்சைம் (கோலினெஸ்டரேஸ்) அடங்கிப்போயிருக்கும். மீள வாரக்கணக்கில் ஆகும். ஐந்து நிமிடத்தில் தெளிய வேண்டிய தசை மணிக்கணக்கில் தளர்ந்தே கிடக்கும், மூச்சும்தான். நிமோனியாவில் தேறிவந்த நுரையீரலோடு வென்டிலேட்டர் பக்கத்தில் இல்லாத அறையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தனியாக அழைத்து, குறை சொல்லாத குரலில் கேளுங்கள். கோலினெஸ்டரேஸ் அளவு பாருங்கள். மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர் வேறு தளர்த்தி மருந்தைத் தேர்ந்துகொள்வார்.

அட்ரோபின் எல்லோருக்கும், அல்லது யாருக்குமே இல்லை

அட்ரோபின் நாடியைக் கூட்டும் ஊசி. இரண்டும் தவறு. இதய ரத்தக்குழாய் அடைப்பு இருப்பவருக்குப் பழக்கதோஷத்தில் அட்ரோபின் போட்டால், பின்னால் வரும் படபடப்பு இன்னும் ஏறும். பீட்டா பிளாக்கரில் (நாடியைக் குறைக்கும் மாத்திரையில்) இருப்பவருக்கு, முதல் நாள் எவ்வளவு மின்சாரம் போதும் என்று அளவு தேடும்போது வலிப்பே வராமல் போனால், நாடியைத் தூக்கிவிட அட்ரினலின் எழும்பாது. நின்ற இதயம் நின்றபடி இருக்கக்கூடிய தருணம் அது. அங்கே போட்டே ஆகவேண்டும்.

வெறும் வயிறு என்று பிபி மாத்திரையையும் நிறுத்துவது

ஒரு மடக்குத் தண்ணீரில் கொடுங்கள். சுகர் மாத்திரையும் நீர் மாத்திரையும் முடிந்த பிறகு.

"பலவீனமான இதயம், மயக்கம் கொடுக்காமல் வெச்சிடலாம்"

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதயத்துக்கும் அதுதான் மோசம்.

கழுத்தை நிமிர்த்திப் பார்க்காதது

ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் போர்வெல் ஃபுளோரைடிலேயே வளர்ந்தவர்கள் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் நிறைய. சிலருக்கு முதுகும் கழுத்தும் மரக்கட்டையாக இறுகியிருக்கும், நெஞ்சுக்கூடு விரியாது. மாஸ்க் பிடித்துக் காற்று தள்ளுவதே கஷ்டம். முந்தின நாளே பாருங்கள்.

ஐ.சி.டி. கருவி

துடிப்பு தாறுமாறானால் தானே ஷாக் கொடுக்க நெஞ்சில் பதித்திருக்கும் கருவி. ஈ.சி.டி.க்கு முன் அதன் ஷாக் வேலையை அணைக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி போட வேண்டும். இரண்டாவதுதான் மறந்துபோகிறது.

முதல் தடவை நன்றாகப் போனதே என்று அடுத்த தடவை பரிசோதிக்காமல் விடுவது

ஹார்ட் ஃபெயிலியர் உள்ள ஒரு அம்மா. மூன்று ஈ.சி.டி.க்குப் பிறகு முகத்தில் சிரிப்பு வந்தது, பசியும் வந்தது. மகள் சந்தோஷத்தில் வீட்டு மாங்காய் ஊறுகாயையும் கருவாட்டுக் குழம்பையும் கொண்டுவந்து ஊட்டியிருக்கிறார். நான்காவது தடவைக்கு முந்தின ராத்திரி அந்த அம்மா படுக்க முடியாமல் தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நைட் ட்யூட்டி சிஸ்டர் அதைக் கவனித்து எழுதி வைத்திருந்ததால் தப்பித்தோம். எடை ஏறியிருந்தது, நுரையீரல் அடியில் தண்ணீர்ச் சத்தம். அன்றைக்குத் தள்ளிவைத்து, நீரை இறக்க ஃப்ருசமைடு போட்டோம். ஊறுகாய் பாட்டிலை மகளிடமே திருப்பிக் கொடுத்தோம். நான்காவது ஈ.சி.டி. வெள்ளிக்கிழமை நடந்தது. அதற்கப்புறம் எங்கள் வார்டில் ஒவ்வொரு ஈ.சி.டி.க்கு முன்னும் எடை பார்க்கிறோம்.