கட்டத்துக்குள் புள்ளி: ஆப் ஆர்ட்டும் பாயின்டிலிசமும் ஒரே படத்தில்

1959-இல் பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி, பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா வரைந்த கூர்ப்வா பால ஓவியத்தைப் பிரதியெடுத்துப் பழகினார். 1961-இல் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நெளியும் அவருடைய ‘மூவ்மென்ட் இன் ஸ்குவேர்ஸ்’ வந்தது. சூராவுடையது பாயின்டிலிசம்: சின்னச் சின்ன நிறப் புள்ளிகளைக் கண்ணே கலந்துகொள்ளும்படி வரைவது. ரைலியுடையது ஆப் ஆர்ட்: வடிவங்களை வைத்தே அசைவு, புடைப்பு போன்ற மாயத்தோற்றம் தருவது. கண்ணையே வேலை வாங்கும் இந்த இரண்டு முறைகளும் உறவுக்காரர்கள்தான். ஆனாலும் ஒன்றாக வைத்தால் மோதிக்கொள்ளும்: ஆப் ஆர்ட்டுக்குக் கத்தி போன்ற விளிம்பு வேண்டும், புள்ளிகளோ விளிம்பைக் கரைக்கும். அதனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். வடிவம் கட்டங்களின் பொறுப்பு, நிறம் புள்ளிகளின் பொறுப்பு.

300 ஜிஎஸ்எம் தடிமனுள்ள ஏ3 தாளில் 24 செ.மீ. சதுரம் போடுங்கள். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 30, 26, 22, 18, 13, 8, 3 மி.மீ. அகலத்தில் நிரல்கள்; குறுக்கே 2 செ.மீ.க்கு ஒரு கோடு. சதுரங்கப் பலகைபோல் மாற்றி மாற்றி நிறம் வைத்தால் நடுப்பகுதி தூண்போல் புடைத்து நிற்கும். பென்சில் கோடு மெல்லியதாக இருக்கட்டும், வெளிர் மஞ்சளில் அது மறையாது.

அக்ரிலிக்கில் ஒரு கட்டம் வெளிர் மஞ்சள், அடுத்தது அல்ட்ராமரின் நீலம். காய்ந்த பிறகு மஞ்சளின் மேல் வெள்ளை கலந்த ஆரஞ்சுப் புள்ளிகள், நீலத்தின் மேல் ஊதாப் புள்ளிகள்.

பெரும்பாலும் படம் கெடுவது இங்கேதான். மஞ்சள் கட்டத்தில் நீலப் புள்ளி வைத்தால் பச்சை வரும் என்று நினைக்காதீர்கள். கண் இரண்டையும் சராசரியாக்கிச் சாம்பலாகத்தான் காட்டும். எதிர் நிறங்கள் கட்டத்துக்குக் கட்டம் மோதட்டும், ஒரே கட்டத்துக்குள் அண்டை நிறங்களே இருக்கட்டும். புள்ளியும் அடிநிறமும் ஒரே டோனில், அதாவது ஒரே அளவு வெளிச்சமாகவோ இருட்டாகவோ, இருப்பது அதைவிட முக்கியம். வெளிச்ச வேறுபாட்டைப் பிடிக்கும் அளவுக்கு நிற வேறுபாட்டைக் கண் நுணுக்கமாகப் பிடிப்பதில்லை. டோன் ஒன்றானால் புள்ளிகள் சீக்கிரம் கரையும். வேறானால் மிளகு தூவியதுபோல் துருத்தி, புடைப்பையும் கெடுக்கும். மாதிரித் துண்டைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுங்கள். புள்ளி தெரிந்தால் வெள்ளையைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள்.

முனை மழுங்கிய பல்குச்சி 1 மி.மீ. புள்ளி தரும். இரண்டு புள்ளிக்கு ஒருமுறை வண்ணத்தைத் தொட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அளவு சிறுத்துக்கொண்டே போகும். ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு இடைவெளி 30, 26 மி.மீ. நிரல்களில் 3 மி.மீ., 22, 18-இல் 2.5, 13-இல் 2, கடைசி இரண்டில் 1.5. ஓரம் போகப் போக நிறம் சூடேறித் தூணின் வளைவுக்குத் துணை நிற்கும். கறுப்பு நிழல் தேவையே இல்லை. மொத்தம் ஏறத்தாழ 10,000 புள்ளிகள் வரும். நாளுக்கு இரண்டு நிரல் போதும், கை சோர்ந்தால் வரிசை கோணும்.

கட்ட விளிம்பிலிருந்து அரை மி.மீ. உள்ளேயே புள்ளியை நிறுத்துங்கள். தாண்டிய புள்ளி காய்ந்ததும் பக்கத்துக் கட்டத்தின் அடிநிறத்தால் மூடிவிடலாம். மூன்றரை மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்: அந்தத் தொலைவில் டோன் சரியாக அமைந்த 1 மி.மீ. புள்ளி தனியாகத் தெரியாது. அங்கிருந்தும் தெரிகிற புள்ளி டோன் தவறிய புள்ளி, அதை மட்டும் மாற்றுங்கள்.