பிரான்ஸுக்குப் புதிதாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று குறைபடுவோர் பலர். பெரும்பாலும் காரணம், நாம் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு வார்த்தை. கடைக்குள் நுழைந்ததும் நேராக விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. முதலில் "போன்ஜூர்" (வணக்கம்) சொல்லி, எதிரில் இருப்பவர் பதிலுக்குச் சொன்ன பிறகுதான் கேள்வி. மாலை 6 மணி வாக்கில் அது "போன்சுவார்" ஆகிவிடும். பெண் என்றால் "மதாம்", ஆண் என்றால் "மொசியே" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ரொட்டிக் கடை, மருந்துக் கடை, பேருந்து ஓட்டுநர், மருத்துவரின் காத்திருப்பு அறை என எங்கும் இதே வழக்கம்தான். பிரெஞ்சு தெரியாதவர்கள்கூட இதைச் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் முகங்கள் மலர்வதைக் காணலாம்.

அடுத்து "தூ", "வூ". நம்முடைய நீ, நீங்கள் மாதிரிதானே என்று நினைப்பதில்தான் சறுக்கல். தமிழில் பெரியவர் சிறியவரை "நீ" என்பார், சிறியவர் "நீங்கள்" என்பார். பிரான்ஸில் வயதுவந்தவர்களுக்குள் இந்த ஏற்றத்தாழ்வு அநேகமாக இல்லை. இருவரும் "வூ", அல்லது இருவரும் "தூ". கல்லாவில் நிற்கும் 20 வயதுப் பெண்ணை 60 வயதுக்காரரும் "வூ" என்றே அழைக்க வேண்டும். "தூ"வுக்கு மாறலாமா என்று வயதிலோ பதவியிலோ மூத்தவர் கேட்கட்டும், அதுவரை பொறுத்திருங்கள்.

உணவகத்தில் தெரிந்த சொற்களே காலை வாரும். "மெனு" என்றால் குறித்த விலைக்கு வரும் முழுச் சாப்பாடு. உணவுப் பட்டியல் வேண்டுமென்றால் "கார்த்" என்று கேளுங்கள். "ஆந்த்ரே" என்பது முதலில் வரும் சிறு உணவு, முக்கிய உணவு "ப்ளா". தண்ணீர் என்று மட்டும் சொன்னால் விலைக்குப் புட்டி வரலாம். "ஊன் கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீர் குடுவையில் இலவசமாக வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிடுவதால் டிப்ஸ் கட்டாயமில்லை. பகல் 2 மணிக்குப் பிறகு பல சமையலறைகள் மூடிவிடும், இரவு 7 மணிக்குத்தான் மறுபடி அடுப்பு எரியும். பசியோடு 4 மணிக்குத் தெருத்தெருவாக அலைய வேண்டாம்.

சைவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். "வெஜிதேரியன்" என்று சொல்லி நிறுத்திவிட்டால் மீன் வரக்கூடும். "சான் வியாந்த், சான் புவாசோன்", அதாவது இறைச்சியும் மீனும் இல்லாமல், என்று பிரித்துச் சொல்லுங்கள். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில்தான் கொதிக்கிறது. கீஷ் லொரேன் எனும் முட்டை சேர்த்துச் சுட்ட உப்புப் பதார்த்தத்திலும் பல சாலட்களிலும் "லார்தோன்" எனும் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும். கோம்தே பாலாடைக்கட்டிகூடக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் உறையவைத்ததுதான்.

வீட்டு விருந்துக்கு அழைத்தால் சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். பத்து நிமிடம் தாமதமாகப் போவதே நல்லது. பூங்கொத்து தரலாம், ஆனால் அதில் சாமந்தி வேண்டவே வேண்டாம். நமக்குப் பூசைக்கு உகந்த அந்தப் பூவை அவர்கள் நவம்பர் 1 அன்று கல்லறைகளில் வைக்கிறார்கள்.

ஞாயிறன்று கடைகள் பலவும் அடைத்திருக்கும், ஊர்ப்புறங்களில் திங்களன்றும். மெட்ரோ சீட்டை வெளியே வரும்வரை வைத்திருங்கள். பரிசோதகர் கேட்கும்போது இல்லையென்றால் அங்கேயே அபராதம்.

கடைசியாக, பாரிஸைப் பார்த்துவிட்டு பிரான்ஸைப் பார்த்தோம் என்று நினைப்பது. நாட்டின் 18 பிராந்தியங்களில் ஐந்து கடல் கடந்தவை. அவற்றில் ஒன்றான ரெயூனியோன் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் தீ மிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். போக விரும்பினால் ஒன்று நினைவிருக்கட்டும்: ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர வழிசெய்யும் ஷெங்கன் பகுதிக்குள் அந்தத் தீவு வராது. பாரிஸுக்கு வாங்கிய விசா அங்கே செல்லுமா என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே தூதரகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.