விர்ச்சுவல் பாக்ஸுக்குள் உபுண்டு: கெஸ்ட் அடிஷன்ஸை வடிவாக நிறுவுவது எப்படி?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய 8 ஜிபி ராம் மடிக்கணினி, அதில் விண்டோஸ், அதற்குள் விர்ச்சுவல் பாக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல ஓடவைக்கும் மென்பொருள்), அதற்குள் லினக்ஸ் வகையான உபுண்டு 24.04. லினக்ஸ் பழகத் தொடங்கும் பலரிடம் இருப்பது ஏறத்தாழ இதுதான். உபுண்டு ஓடும். ஆனால் திரை சின்னப் பெட்டியாக நடுவில் நிற்கும், விண்டோஸில் கொப்பி செய்ததை உள்ளே பேஸ்ட் செய்ய முடியாது, ஒரு கோப்பை உள்ளே எடுக்க ஈமெயில் அனுப்ப வேண்டியிருக்கும். கெஸ்ட் அடிஷன்ஸ் இந்த மூன்றையும் சரிசெய்யும்.

இது சாதாரண மென்பொருள் அல்ல. இதன் முக்கிய பகுதிகள் கேர்னல் மொடியூல்கள், அதாவது உபுண்டுவின் மையமான கேர்னலோடு இணைந்து ஓடும் துண்டுகள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலுக்கு அளவெடுத்து, உங்கள் இயந்திரத்திலேயே அவை தைக்கப்படுகின்றன. அதனால் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். வரும் பிழைகளில் பல வரிசை மாறுவதால்தான் வருகின்றன.

கட்டளைகளை வாயால் சொல்லிக்கொடுப்பதுபோலத் தமிழிலேயே எழுதியிருக்கிறோம். வேறாகச் சொல்லாத இடமெல்லாம் சிறிய ஆங்கில எழுத்து. சொல்லுக்குச் சொல் ஒரு இடைவெளி.

படி 1: உபுண்டுவை அணைத்துவிட்டு அமைப்புகள்

விர்ச்சுவல் பாக்ஸில் உபுண்டுவுக்கான செட்டிங்ஸ் போய் டிஸ்ப்ளே பகுதியில் வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்குங்கள். கிராஃபிக்ஸ் கொன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்று இருக்க வேண்டும். வேறு எதுவும் இருந்தால் திரை விரியாமல் அடம்பிடிக்கலாம். 8 ஜிபி இயந்திரத்தில் உபுண்டுவுக்கு 4096 எம்பி, இரண்டு சிபியு போதும். அதற்கு மேல் கொடுத்தால் விண்டோஸ் மூச்சுத்திணறும். சிஸ்டம் பகுதியில் செக்யூர் பூட் தெரிவாகியிருந்தால் நீக்குங்கள். கையொப்பமிடாத மொடியூலை அது உள்ளே விடாது.

உபுண்டுவைத் திறந்ததும் வலப்பக்க கன்ட்ரோல் விசையுடன் டீயை அழுத்தி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். பிழைத்துப்போனால் இரண்டு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

படி 2: முதலில் அப்டேட், பிறகு ரீஸ்டார்ட்

டெர்மினலில் (கட்டளை டைப் செய்யும் சாளரம்): சூடோ ஆப்ட் அப்டேட். சூடோ என்பது எஸ், யூ, டீ, ஓ; கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும். ஆப்ட் என்பது ஏ, பீ, டீ; மென்பொருள்களை நிறுவும். அது முடிய: சூடோ ஆப்ட் அப்கிரேட். கடவுச்சொல் டைப் செய்யும்போது திரையில் ஒன்றும் தெரியாது. அது வழமை, டைப் செய்து என்டர் தட்டுங்கள். டேட்டாவை அளந்து பாவிப்பவர்கள் இதை வைஃபை உள்ள இடத்தில் செய்வது நல்லது.

முடிந்ததும் கட்டாயம் ரீஸ்டார்ட். அப்கிரேட் புதிய கேர்னலைக் கொண்டுவந்து வைத்திருக்கலாம், ஆனால் ஓடுவது இன்னும் பழையதுதான். இந்த இடைவெளியில் அடிஷன்ஸை நிறுவினால், பழைய கேர்னலுக்குத் தைத்த சட்டை புதியதற்குப் பொருந்தாமல் போகலாம்.

“இந்தப் பயனர் சூடோவர்ஸ் கோப்பில் இல்லை” என்று வந்தால், விர்ச்சுவல் பாக்ஸின் தானியங்கி நிறுவல் முறையில் உபுண்டுவைப் போட்டிருப்பீர்கள். எஸ்யு, இடைவெளி, ஹைஃபன் என்று கொடுத்து ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆகுங்கள். பிறகு யூசர்மோட், ஹைஃபன் சிறிய ஏ பெரிய ஜி (மூன்றும் ஒட்டி), சூடோ, கடைசியில் உங்கள் பயனர் பெயர். லொக் அவுட் செய்து மீண்டும் வாருங்கள்.

படி 3: தையல் கருவிகள் (மொடியூல்களைக் கட்டத் தேவையானவை)

யூநேம், இடைவெளி, ஹைஃபன் ஆர் என்று கொடுங்கள். 6.8.0-31-ஜெனரிக் போல ஒன்று வரும். ஓடும் கேர்னலின் எண் அது. அதை மௌஸால் தெரிவுசெய்து கொப்பி செய்யுங்கள். அடுத்து: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் பெர்ல் பிசிப்2 லினக்ஸ்-ஹெடர்ஸ்-, இந்தக் கடைசி ஹைஃபனோடு ஒட்டி அந்த எண்ணைப் பேஸ்ட் செய்யுங்கள். இடைவெளி விடக்கூடாது. பிசிப்2வை (பீ, இஸட், ஐ, பீ, 2) மறக்காதீர்கள். குறைந்தபட்ச நிறுவலில் அது இல்லாமல் போகலாம், அப்போது நிறுவி விரியாமலே நின்றுவிடும்.

படி 4: சிடியைச் செருகுதல்

விர்ச்சுவல் பாக்ஸ் சாளரத்தின் மேலே டிவைசஸ் மெனுவின் அடியில் இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ். விண்டோஸில் விர்ச்சுவல் பாக்ஸை நிறுவும்போதே இந்த இமேஜ் கூடவே வந்துவிடுகிறது. தனியாகத் தரவிறக்கத் தேவையில்லை. பதிப்பும் விர்ச்சுவல் பாக்ஸோடு பொருந்தியிருக்கும்.

இடப்பக்கம் தோன்றும் சிடியைத் திறந்து, வெற்றிடத்தில் வலச்சொடுக்கி ஓபன் இன் டெர்மினல் கொடுங்கள். சூடோ எஸ்எச் என்று டைப் செய்து இடைவெளி விட்டு, வீபாக்ஸ்எல் வரை அடித்து டேப் விசையைத் தட்டுங்கள். வீயும் பீயும் எல்லும் பெரிய எழுத்து. மிச்சப் பெயரை டேப் நிரப்பும். அடிஷன்ஸ் என்பதோடு நின்றுவிட்டால் டொட் ரன் என்று நீங்களே சேருங்கள். என்டர்.

“கேர்னல் மொடியூல்களைக் கட்டுகிறது, நேரமாகலாம்” என்ற வரியோடு திரை உறைந்ததுபோல நிற்கும். பழைய மடிக்கணினியில் சில நிமிடம் எடுக்கும். கன்ட்ரோல் சீ அடித்துவிடாதீர்கள். கடைசியில், ஓடிக்கொண்டிருக்கும் மொடியூல்கள் ரீஸ்டார்ட் வரை மாற்றப்படமாட்டா என்று ஒரு வரி வரும். பலர் இதைப் பிழை என்று எண்ணி எல்லாவற்றையும் திரும்பச் செய்கிறார்கள். ரீஸ்டார்ட் செய்யத்தான் அது சொல்கிறது, செய்யுங்கள்.

படி 5: உண்மையில் நிறுவப்பட்டதா?

எல்எஸ்மோட் (ஏற்றப்பட்டுள்ள மொடியூல்களைக் காட்டும் கட்டளை) பட்டியலில் வீபாக்ஸ்கெஸ்ட் தெரிகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். லினக்ஸ் கேர்னல் 4.16 முதல் அந்த மொடியூலைத் தானே வைத்திருக்கிறது. நீங்கள் ஒன்றும் நிறுவாமலும் அது தெரியும். வீபாக்ஸ்கொன்ட்ரோல், இடைவெளி, இரண்டு ஹைஃபன், வெர்ஷன் என்று கேளுங்கள். இங்கே வீ, பீ, சீ மூன்றும் பெரிய எழுத்து. விண்டோஸ் பக்கத்து விர்ச்சுவல் பாக்ஸின் எண்ணே வந்தால் சரி. சாளரத்தை இழுத்துப் பாருங்கள், உபுண்டுவும் கூடவே விரியும்.

படி 6: பகிர்ந்த ஃபோல்டர்

விர்ச்சுவல் பாக்ஸ் செட்டிங்ஸில் ஷேர்ட் ஃபோல்டர்ஸ் போய் விண்டோஸ் ஃபோல்டர் ஒன்றைச் சேருங்கள். பெயரில் இடைவெளி வேண்டாம். ஓட்டோ மவுண்ட், மேக் பெர்மனன்ட் இரண்டையும் தெரிவுசெய்யுங்கள். உபுண்டுவில் அது மீடியா ஃபோல்டருக்குள் எஸ்எஃப் அண்டர்ஸ்கோர் என்ற முன்னொட்டுடன் தோன்றும். திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். காரணம், வீபாக்ஸ்எஸ்எஃப் என்ற குழுவில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது திறக்கும். சூடோ யூசர்மோட், ஹைஃபன் சிறிய ஏ பெரிய ஜி, வீபாக்ஸ்எஸ்எஃப், உங்கள் பயனர் பெயர். அந்தச் சிறிய ஏயை விட்டால், சூடோ குழு உட்பட நீங்கள் இருக்கும் மற்றக் குழுக்களிலிருந்து பெயர் போய்விடும். பிறகு லொக் அவுட் செய்தோ ரீஸ்டார்ட் செய்தோ மீண்டும் வந்தால்தான் குழு மாற்றம் பிடிக்கும்.

படி 7: கொப்பி பேஸ்ட், நேரம்

டிவைசஸ் மெனுவில் ஷேர்ட் கிளிப்போர்ட் போய் பைடைரக்ஷனல். அப்படியும் வேலை செய்யாவிட்டால் லொக் அவுட் செய்து, கடவுச்சொல் கேட்கும் திரையின் மூலையிலுள்ள பற்சக்கரத்தில் உபுண்டு ஒன் எக்ஸோர்க் தெரிவுசெய்து வாருங்கள். எக்ஸோர்க்கும் வேலண்டும் திரையைக் கையாளும் இரு முறைகள்; வேலண்ட் அமர்வில் கிளிப்போர்ட் தடுமாறுவது உண்டு.

நேர வலயத்தை உபுண்டு செட்டிங்ஸில் கொழும்பு என்றே வையுங்கள். கல்கத்தாவும் இன்று அதே 5.30தான், ஆனால் 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் வேறாக இருந்தது. பழைய கோப்புகளின் நேரம் பிசகாமல் தெரிய கொழும்பே வேண்டும். மடிக்கணினியை மூடி வைத்துத் திறந்தால் உபுண்டுவின் கடிகாரம் பின்தங்கி நிற்கும். 20 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெஸ்ட் அடிஷன்ஸ் ஒரேயடியாகத் திருத்தும். குறைவென்றால் மெல்ல மெல்ல ஒப்பேற்றும்.

பிறகொரு நாள் திரை மீண்டும் சுருங்கினால்

புதிய கேர்னல் வந்திருக்கும். வழமையாக அடுத்த பூட்டில் மொடியூல்கள் தாமாகவே மீளக் கட்டப்படும்; புதிய எண்ணுக்கான ஹெடர்ஸ் (படி 3இல் நிறுவிய லினக்ஸ்-ஹெடர்ஸ்) இல்லையென்றால் அது நடக்காது. படி 3ஐப் புதிய எண்ணோடு செய்துவிட்டு, சூடோ ஆர்சிவீபாக்ஸ்ஆட் செட்அப் (ஆட் என்பதில் இரண்டு டீ) கொடுங்கள். அப்போதும் தோற்றால் வார் ஃபோல்டருக்குள் இருக்கும் லொக் ஃபோல்டரில் வீபாக்ஸ்ஆட்-செட்அப் டொட் லொக் கோப்பைத் திறந்து கடைசிப் பத்து வரியை வாசியுங்கள். என்ன இல்லை என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.