ட்ரையர் சுற்றாமல் உறுமினால் மோட்டாரை மாற்ற அவசரப்படாதீர்கள்

எங்கள் பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துவைக்கும் பக்கம் நன்றாகவே ஓடியது. ட்ரையர் டைமரைத் திருப்பினால் மட்டும் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல், டப் அசையவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் மோட்டார் போய்விட்டது என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கருகல் வாடையே இல்லை. உறுமுகிறதென்றால் கரண்ட் மோட்டார் வரைக்கும் போகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். ட்ரையர் மூடியைத் திறந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும், அதனால் மூடியை மூடியே வைத்து, அடியில் இருக்கும் பிரேக் டிரம்மைக் கையால் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆக, பிரேக்கிலோ, சுழலும் தண்டைத் தாங்கும் புஷ்ஷிலோ இறுக்கம் இல்லை.

மிச்சம் கெப்பாசிட்டர்தான், அதாவது மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் சின்ன பாகம். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை முதலில் கிளப்பிவிடுவதே அதன் வேலை. அது பலவீனமானால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். பார்த்தால் அதன் உடம்பு ஒரு பக்கம் உப்பியிருந்தது. மேலே அதன் கொள்ளளவு 5 மைக்ரோ ஃபாரட் என்று போட்டிருக்க, மல்டிமீட்டர் 2-க்கும் கீழே காட்டியது.

ஒன்றை மறக்கவே கூடாது: பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். ஒரு குண்டு பல்பின் ஹோல்டர் வயர்களை அதன் இரு முனைகளிலும் வைத்து அந்தச் சார்ஜை இறக்கிவிட்ட பிறகே தொடுங்கள். வயர்களின் நிறத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அதே 5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் கெப்பாசிட்டரை எலக்ட்ரிகல் கடையில் வாங்கி மாட்டினேன். டைமரைத் திருப்பியதும் டப் சட்டென்று வேகம் பிடித்தது.