இன்சுலின்: ஊசி போடும் முன்னும் போட்ட பின்னும்

இந்திய வார்டுகளில் இருக்கும் 10 மி.லி. இன்சுலின் குப்பி பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். பேனாவில் போடும் 3 மி.லி. கார்ட்ரிட்ஜ் மி.லி.க்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி.

100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தாலோ வெறும் 8 யூனிட். இரண்டாவது பிழைதான் நயவஞ்சகமானது. சுகர் இறங்காது, டாக்டர் டோஸை ஏற்றுவார், மறுநாள் சரியான சிரிஞ்ச் கைக்கு வந்ததும் நோயாளி மயங்குவார். அதனால் குப்பி லேபிளையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இழுத்த அளவை இன்னொரு நர்ஸிடம் காட்டுங்கள். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் மருந்தை இழுக்கவே கூடாது. சார்ட்டில் ‘யூனிட்’ என்று முழுசாக எழுதுங்கள். ‘U’ என்று ஆங்கில ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும்.

மெதுவாக வேலை செய்யும், கலங்கலான என்.பி.எச். இன்சுலின் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். சீக்கிரம் வேலை செய்யும், தெளிந்த ரெகுலர் இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் சேர்ப்பதானால் தெளிந்ததை முதலில் இழுக்க வேண்டும். நாள் முழுதும் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினை எதனோடும் கலக்க வேண்டாம்.

போடுமுன் ஒரு கேள்வி: சாப்பாடு வந்துவிட்டதா? ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் இருப்பவர், வாந்தி எடுப்பவர் என்றால் ஊசியை நிறுத்திவைத்து டாக்டரைக் கேளுங்கள். ரெகுலர் என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு.

சுகர் அளவுக்கு மீறி இறங்குகிறதா என்ற கவனிப்பு போட்ட பிறகுதான் தொடங்குகிறது. ரெகுலரின் உச்சம் 2 முதல் 4 மணி நேரத்தில். காலை 7.30-க்குப் போட்டால் 9.30-லிருந்து 11.30 வரை கண் அந்தக் கட்டில் மேல் இருக்கட்டும். இரவு போட்ட என்.பி.எச். விடிகாலையில் உச்சத்துக்கு வரும். நன்றாகத் தூங்குகிறார் என்று கடந்து போகாதீர்கள். சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பீட்டா பிளாக்கர் (பிரஷர், இதய நோய் மாத்திரை) சாப்பிடுபவருக்குச் சுகர் இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் மறைந்துவிடும், வியர்வை மறையாது. சிறுநீரகம் பழுதானவருக்கு இன்சுலின் நெடுநேரம் உடம்பில் தங்கும்.

சுகர் 70-க்குக் கீழே, நினைவு தெளிவு, விழுங்க முடிகிறது என்றால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் திரும்பக் கொடுங்கள். சுகருக்கு அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடரே வேண்டும்.

நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, 25% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் திரவம்) 100 மி.லி.யைத் தயாராக வையுங்கள். அதை ஏற்றுமுன் கேனுலா (கையில் குத்திய ஊசிக்குழாய்) ரத்தக்குழாய்க்குள்தான் இருக்கிறதா என்று சலைன் விட்டுப் பாருங்கள். வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். விழித்த பின்னும் சுகர் மறுபடி இறங்கலாம். சாப்பிட வைத்து, மணிக்கொருமுறை பார்த்து, நேரத்தோடு சார்ட்டில் எழுதி, அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் வாயாலும் சொல்லுங்கள்.