தரவைப் பகிர்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யும் தவறுகள்

அரசியல் அறிவியல் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் அடிக்கடி ஒரு வரி வரும்: "தரவு வேண்டுவோர் ஆசிரியரைத் தொடர்புகொள்ளலாம்." நல்ல எண்ணத்தோடு எழுதுவதுதான். ஆனால் நான்கைந்து வருடம் போனால் அந்த மின்னஞ்சல் முகவரி இயங்காது, ஆய்வாளர் வேறு ஊருக்கு மாறியிருப்பார், பழைய லேப்டாப் எங்கே என்றே தெரியாது. கூகுள் டிரைவ் இணைப்பையோ துறையின் இணையப் பக்கத்தையோ நம்பினாலும் இதே கதைதான். ஹார்வர்ட் டேட்டாவர்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962இல் தொடங்கிய ஐசிபிஎஸ்ஆர் போன்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியங்களில் வைத்தால் நிலையான டிஓஐ எண், அதாவது கோப்பை எப்போதும் தேடிப் பிடிக்க உதவும் நிரந்தர அடையாள எண், கிடைக்கும். ஆய்வாளர் எங்கே போனாலும் கோப்பு அங்கேயே இருக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 2014 டிசம்பரில் சயன்ஸ் இதழில் மைக்கேல் லகூர், டொனால்ட் கிரீன் எழுதிய ஒரு கட்டுரை வந்தது. ஒருபால் திருமணம் பற்றிய கருத்தை, வீட்டு வாசலில் நடக்கும் ஒரு சிறு உரையாடலே நீண்ட காலத்துக்கு மாற்றிவிடுகிறது என்றது அந்த ஆய்வு. உலகமே பேசியது. டேவிட் புரூக்மன், ஜோஷ்வா கல்லா என்ற இரு ஆய்வாளர்களும் அதே மாதிரி ஓர் ஆய்வைத் தொடங்கியபோது, கட்டுரை சொன்ன அளவுக்கு ஆட்கள் பதில் தரவில்லை. அதன்பின் பீட்டர் ஆரனோவும் சேர்ந்து, பகிரப்பட்டிருந்த தரவை எடுத்துப் பார்த்தார்கள். அதன் எண்கள் 2012இல் வேறொருவர் நடத்திய கருத்துக்கணிப்பின் எண்களோடு விசித்திரமாக ஒத்துப்போயின. மூலத் தரவைக் கேட்டபோது லகூரால் காட்ட முடியவில்லை. 2015 மே மாதம் சயன்ஸ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. தரவு வெளியில் இருந்ததால்தான் சில மாதங்களில் உண்மை தெரிந்தது. அந்த வழியில் உண்மையாகவே களத்தில் நடத்திய ஆய்வைப் புரூக்மனும் கல்லாவும் 2016இல் வெளியிட்டார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது "மூலத் தரவு" என்பதைத்தான். பலர் பதிவேற்றுவது, எல்லாம் சுத்தம் செய்து முடித்த கடைசிக் கோப்பை மட்டும். என் பார்வையில் தவறுகளிலேயே பெரியது இது. அந்தக் கோப்பை வைத்து அட்டவணை சரியாக வருகிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். முடிவைத் தீர்மானிக்கும் வேலை பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்: யாரை நீக்கினோம், எதை எதோடு இணைத்தோம், விடுபட்ட பதிலை என்ன செய்தோம்.

தமிழ்நாட்டுத் தேர்தல் முடிவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004, 2009 மக்களவைத் தேர்தல்களைத் தொகுதிப் பெயரை வைத்து இணைத்தால் கணினி எந்த எச்சரிக்கையும் தராது. ஆனால் இடையில் 2008இல் தொகுதி எல்லைகளின் மறுவரையறை நடந்துவிட்டது. புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி இல்லாமல் போனது. புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை சட்டமன்றத் தொகுதிகள் திருச்சிக்குள் வந்தன. ஆலங்குடியும் திருமயமும் சிவகங்கைக்குப் போயின. இரண்டு வருடங்களிலும் "திருச்சி" என்ற பெயர் இருக்கிறது, ஆனால் அதற்குள் இருக்கும் வாக்காளர்கள் வேறு. இதை ஆய்வாளர் எப்படிக் கையாண்டார் என்பது இணைக்கும் நிரலில்தான் (கணினிக்கு எழுதிய கட்டளைகளில்தான்) தெரியும். அந்த நிரல் இல்லாவிட்டால், வாக்கு விகிதம் மாறியதற்குக் காரணம் மக்களின் மனமாற்றமா, எல்லை மாற்றமா என்று படிப்பவர் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் தேர்தல் ஆணையத்திலிருந்து இறக்கிய கோப்பு, அதைத் திருத்திய நிரல், கடைசிக் கோப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். எக்செல்லில் கையால் திருத்தியிருந்தால் எந்தக் கட்டத்தை ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பாவது எழுதி வையுங்கள். கையால் செய்த திருத்தம் எந்தத் தடயமும் விடாது.

சரி, நிரலையும் கொடுத்தாயிற்று. அது இன்னொருவர் கணினியில் ஓடுமா? ஹார்வர்ட் டேட்டாவர்ஸில் இருந்த 9,000க்கும் மேற்பட்ட ஆர் (R என்ற புள்ளியியல் மென்பொருள்) நிரல் கோப்புகளை ஓட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. 74 சதவீதம் பிழை காட்டி நின்றுவிட்டன. வழக்கமான சில கோளாறுகளைத் தானியங்கியாகச் சரிசெய்த பிறகும் 56 சதவீதம் ஓடவில்லை. காரணங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. கோப்பு இருக்கும் இடம் ஆய்வாளரின் சொந்த டெஸ்க்டாப் முகவரியாகவே நிரலில் நிற்கும். தேவையான பேக்கேஜ் (கூடுதல் நிரல் தொகுப்பு) எது, எந்தப் பதிப்பு என்ற குறிப்பு இருக்காது. பதிப்பு என்பது அலட்சியப்படுத்தும் விஷயமல்ல: ஆர் 3.6.0 பதிப்பில், 2019இல், தற்செயலாக மாதிரி எடுக்கும் முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் அதே மாதிரி கிடைக்கக் கொடுக்கும் சீட் என்ற தொடக்க எண்ணை மாற்றாமல் கொடுத்தாலும், பழைய பதிப்பில் தேர்வான அதே மாதிரி புதியதில் கிடைக்காது. பதிவேற்றும் முன் முழுப் போல்டரையும் ஆய்வில் சம்பந்தப்படாத நண்பர் ஒருவரிடம் கொடுத்து, அவர் கணினியில் ஓட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் சயன்ஸ் 2015 முதல் கட்டுரை அச்சேறும் முன் இதைத்தான் வெளி ஆட்களை வைத்துச் செய்யத் தொடங்கியது.

விளக்கக் குறிப்பு இல்லாத தரவும் பாதித் தரவுதான். வயதுக் கேள்வியில் 98 என்றால் "தெரியாது", 99 என்றால் "பதில் சொல்ல மறுத்தார்" என்று எங்கும் எழுதாவிட்டால், அவற்றையும் வயதாக எண்ணி யாரோ சராசரி எடுப்பார்கள். வினாத்தாளையும் சேருங்கள், களத்தில் தமிழில் கேட்டிருந்தால் அந்தத் தமிழ் வினாத்தாளையே.

இதுவரை சொன்னது குறைவாகப் பகிர்வது பற்றி. அதிகமாகப் பகிர்வது இன்னும் ஆபத்து. பெயரையும் போன் நம்பரையும் நீக்கினால் அடையாளம் போய்விடும் என்று நினைக்கிறோம். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு இந்த மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று தரவு அந்தரங்கம் பற்றி ஆராயும் லதான்யா ஸ்வீனி கணக்கிட்டார். நம் ஊரில் அத்தனை விவரம்கூட வேண்டாம். ஊராட்சியின் பெயர் கோப்பில் இருந்து, பதில் சொன்னவர் ஊராட்சித் தலைவர் என்றும் இருந்தால், அது யார் என்று ஊருக்கே தெரியும். ஓர் ஊரில் ஒரு சாதியில் இரண்டே குடும்பம் இருந்தாலும் அப்படித்தான். அவர் யாருக்கு வாக்களித்தேன் என்று சொன்னதும், யார் பணம் கொடுத்தார் என்று சொன்னதும் அதே வரிசையில் இருக்கிறது. நம்பிச் சொன்ன மனிதருக்கு நாளைக்கு அடி விழலாம், நூறு நாள் வேலையில் பெயர் விடுபடலாம். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு மாவட்டத்தோடு நிறுத்துங்கள், வயதை ஐந்தாண்டு இடைவெளியாக மாற்றுங்கள், சிறிய சாதிப் பிரிவுகளைச் சேர்த்துக் காட்டுங்கள். அப்படியும் கவலை இருந்தால் விண்ணப்பித்து, நிபந்தனைக்குக் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டும் தரும் வசதி களஞ்சியங்களில் உண்டு. இதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் பூட்டி வைக்கத் தேவையில்லை.

இந்தச் சிக்கலில் பாதி, களத்துக்குப் போகும் முன்பே ஒப்புதல் படிவத்தில் உருவாகிவிடுகிறது. "தரவு ஆய்வு முடிந்ததும் அழிக்கப்படும்", "ஆய்வாளரைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று பழைய படிவத்தை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அந்த வாக்கை மீறக் கூடாது, அதனால் அப்புறம் பகிரவும் முடியாது. "அடையாளம் நீக்கிய பின் பிற ஆய்வாளர்களுக்கும் கிடைக்கலாம்" என்ற ஒரு வரியை முதலிலேயே வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். நேர்காணல் ஆய்வுகளுக்கு இது இன்னும் முக்கியம். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் குவாலிட்டேட்டிவ் டேட்டா ரெபாசிட்டரி என்ற களஞ்சியம் அந்த வகைத் தரவுக்காகவே நடப்பது.

வேறொரு நிறுவனம் தொகுத்த தரவைப் பயன்படுத்தியவர்கள், அந்த நிறுவனத்தின் அனுமதி கேட்காமல் தங்கள் பக்கத்தில் ஏற்றிவிடுவதும் உண்டு. அனுமதி விதி இடம் கொடுக்காவிட்டால் நிரலை மட்டும் வைத்து, மூலக் கோப்பை எங்கே, எப்படி விண்ணப்பித்துப் பெறலாம், எந்தத் தேதியில் இறக்கிய பதிப்பு என்று எழுதினால் போதும். "என் தரவில் வேறு யாராவது முதலில் கட்டுரை எழுதிவிட்டால்?" என்ற பயம், குறிப்பாக முனைவர் பட்ட மாணவர்களிடம், நியாயமானது. பல களஞ்சியங்களில் ஒரு குறிப்பிட்ட தேதி வரை கோப்பைத் திறக்காமல் வைக்கலாம். வெளியான கட்டுரைக்குத் தேவையான மாறிகளை (வயது, வாக்கு போன்ற தரவு நெடுவரிசைகளை) இப்போது கொடுங்கள், மீதியை உங்கள் ஆய்வேடு முடிந்த பிறகு திறக்கும்படி தேதி குறித்து வையுங்கள்.