மோவாப் பள்ளத்தாக்குகளில் முதல் ஜீப் பயணம்: பாதையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் பக்கம் முதல் தடவை போனபோது நான் செய்த தவறு இது. சுவர் மாதிரி நிற்கும் பாறையில் ஒரு ஜீப் ஏறுவதை வீடியோவில் பார்த்துவிட்டு, போனால் இந்த மாதிரிப் பாதைக்குத்தான் போக வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். போனேன், அரை நாள் ஓட்டினேன். இரவு அறைக்குத் திரும்பி உட்கார்ந்தால், பம்பருக்கு முன்னால் கிடந்த பத்தடிப் பாறையைத் தவிர எதுவுமே நினைவில் இல்லை. வலது பக்கம் அவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு இருந்ததே பின் சீட்டில் இருந்தவர்கள் எடுத்த படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கஷ்டமான பாதையில் ஓட்டுபவருக்குக் காட்சி கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதை தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்தது. இந்த ஊரில் நல்ல செய்தி என்னவென்றால், மிக அழகான இடங்கள் பலவற்றுக்குச் சுமாரான மண் சாலையிலேயே போய்விடலாம். 1950களில் யுரேனியம் தேடி வந்தவர்களுக்காக வெட்டிய சாலைகள்தான் இன்று நாம் ஓட்டுபவற்றில் பல. அதனால் லாரி இறங்கும் அளவுக்கு அகலம் இருக்கும். ஓரத்தில் தடுப்புச் சுவரை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

படி 1: வண்டியிலிருந்து தொடங்குங்கள்

பாதையைப் பிடித்துவிட்டு வண்டி தேடக் கூடாது. கையில் இருக்கும் வண்டி எது என்று பார்த்துவிட்டுத்தான் பாதை.

கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் கரடுமுரடான சாலைகளுக்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் நடுவே குறைந்தது 8 அங்குல இடைவெளி, நான்கு சக்கர இயக்கம், லோ ரேஞ்ச் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர்). பலர் ஏமாறுவது மூன்றாவதில்தான். ‘ஆல் வீல் டிரைவ்’ என்று விற்கிற குடும்ப எஸ்யூவியில் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும், சரி. ஆனால் பெரும்பாலும் லோ ரேஞ்ச் இருக்காது. செங்குத்தான இறக்கத்தில் இன்ஜின்தான் வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். லோ ரேஞ்ச் இல்லாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் பாதி மலையிலேயே கருகல் வாடை வந்துவிடும். கியருக்குப் பக்கத்தில் ‘4எல்’ என்ற நிலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எளிய பாதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். விமான நிலையத்தில் எடுக்கும் சாதாரண வாடகை வண்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்கவே கூடாது என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். மீறினால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். மோவாபிலேயே இதற்கென்று ஜீப் வாடகைக்குக் கிடைக்கும். அவர்களிடமும் எந்தப் பாதைக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

படி 2: நான்கைந்து பாதைகளை எழுதிக்கொள்ளுங்கள்

முதல் பயணத்துக்கு நான் சொல்லும் பெயர்கள் இவை.

ஆனியன் க்ரீக்: ஒரு சின்ன ஓடையை இருபது தடவைக்கு மேல் குறுக்கே கடந்து போகும் மண் சாலை. தண்ணீர் வழக்கமாகச் சக்கரத்தின் அடியை நனைக்கும் அளவுதான். பக்கத்தில் ஃபிஷர் டவர்ஸ் என்ற செம்பாறைத் தூண்கள். குழந்தைகள் கூட வந்தால் இதுதான் முதல் நாள் பாதை. ஒவ்வொரு தடவை தண்ணீரில் இறங்கும்போதும் பின் சீட்டில் கூச்சல் வரும்.

ஷேஃபர் சாலையும் போட்டாஷ் சாலையும்: என் தனிப்பட்ட ஓட்டு இதற்கு. பூங்காவின் மேட்டு நிலத்திலிருந்து பாறைச் சுவரை ஒட்டியே கொண்டை ஊசி வளைவுகளாகச் சுமார் 1,500 அடி கீழே இறங்குகிறீர்கள். கீழே போனதும் கொலராடோ ஆற்றுப் பக்கமாகத் திரும்பி மோவாப் போய்ச் சேரலாம். வழியில் செம்மண் நடுவே பளீரென்று நீலமாகக் குளங்கள் தெரியும். பொட்டாஷ் உப்பு எடுப்பதற்கான ஆவியாக்கும் குளங்கள் அவை. வெயிலை நன்றாக உறிஞ்சித் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகட்டும் என்று சாயம் கலந்திருக்கிறார்கள்.

ஹுர்ரா பாஸ், ஜெமினி பிரிட்ஜஸ், லாங் கேன்யன் மூன்றையும் அடுத்த வரிசையில் வைக்கலாம். லாங் கேன்யனில் சரிந்து விழுந்து சாய்ந்து நிற்கும் ஒரு பெரும்பாறைக்கு அடியில் நுழைந்து போக வேண்டும்.

இந்த முறை விட்டுவிட வேண்டியவை: ஹெல்ஸ் ரிவெஞ்ச், எலிஃபன்ட் ஹில். முதலாவது வழுக்குப் பாறை முதுகுகளின் மேல் ஏறி இறங்குவது. இரண்டாவதில் படிக்கட்டு மாதிரிப் பாறைகள். வளைவு திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே ஓட்ட வேண்டிய துண்டும் உண்டு.

படி 3: மிக மோசமான நூறடியைத் தேடுங்கள்

பாதைகளுக்கு எண் போட்டுக் கடினத்தைச் சொல்வார்கள், 1 முதல் 10 வரை என்று. அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பத்து மைல் பாதையில் ஒன்பதே முக்கால் மைல் சாதாரணமாக இருக்கும். மீதிக் கால் மைலில் ஒரு பாறைப்படி உட்கார்ந்திருக்கும். உங்கள் நாளைத் தீர்மானிப்பது அதுதான்.

அதனால் ஒவ்வொரு பாதைக்கும் மூன்று கேள்வி. மிகக் கடினமான இடம் எது? அது எத்தனையாவது மைலில் வருகிறது? அதற்கு முன்னால் வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா? மூன்றாவதற்குப் பதில் கிடைக்காத பாதையை நான் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவேன்.

வீடியோவை நம்பிச் சரிவைக் கணக்குப் போடாதீர்கள். கேமரா எல்லாச் சரிவையும் தட்டையாக்கிவிடும். வீடியோவில் செருப்பு உயரம் மாதிரித் தெரிந்த ஒரு பாறைப்படிக்கு முன்னால் நான் இறங்கி நின்றபோது, அது என் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. பாறையின் விளிம்பில் வெள்ளி நிறத்தில் கோடு கோடாகச் சிராய்ப்பு. முன்னால் வந்த வண்டிகளின் அடிப்பகுதி உரசிய தடம். அதற்குக் கீழே மண்ணில் எண்ணெய்க் கறை. பார்த்ததும் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் திருப்ப இடமில்லை. நண்பர் பின்னால் நின்று கையைக் காட்ட, முந்நூறு அடி ரிவர்ஸில் வந்தேன். வெயிலில் நாற்பது நிமிடம்.

அன்றிலிருந்து எழுத்தில் இருக்கும் விவரத்தைத்தான் தேடிப் படிக்கிறேன். அதுவும் சமீபத்தில் எழுதியதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு மழை போதும், படியின் கீழே கிடந்த மண்ணை அரித்து அதை இன்னும் ஓரடி உயரமாக்கிவிடும்.

படி 4: மைலை மறந்துவிட்டு மணியில் கணக்குப் போடுங்கள்

கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவில் இருக்கும் ஒயிட் ரிம் என்ற மண் சாலையின் மொத்த நீளம் 100 மைல்தான். நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். அதற்கே பொதுவாக இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் வேகத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நல்ல மண் சாலையில் மணிக்கு 15 மைல், கரடுமுரடான இடத்தில் 5 மைல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். படம் எடுக்க நிற்பதற்கு அதில் பாதி நேரத்தைக் கூட்டுங்கள். வருகிற விடை சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் முடிய வேண்டும். முடியவில்லையா? பாதை நீளம் அதிகம், வேறு பாருங்கள்.

படி 5: மழை எங்கே பெய்கிறது என்று பாருங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மலையில் பெய்த மழைக்கு ஆற்றில் வெள்ளம் வருவதை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே அது பல மடங்கு வேகம். பாறையும் இறுகிய மண்ணும் தண்ணீரைக் குடிக்காது. விழுந்தது அப்படியே வழிந்து ஓடி, குறுகிய பள்ளத்தில் சேர்ந்து, சுவராக வரும். உங்கள் தலைக்கு மேலே வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே இது நடக்கும், ஏனென்றால் மழை பெய்தது பல மைல் தள்ளி, மேல்பக்கத்தில். ஒயிட் ரிம் சாலையின் மேற்கு முனையில் மினரல் பாட்டம் என்ற வளைவுச் சாலை இருக்கிறது. 2010 ஆகஸ்டில் அடித்த ஒரு மழையில் அது அரித்துக்கொண்டு போய், அடுத்த ஆண்டுதான் மறுபடி திறந்தார்கள்.

எனவே பாதையின் வரைபடத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: சாலை எவ்வளவு தூரம் வறண்ட ஓடைப் படுகைக்குள்ளேயே போகிறது? ஆனியன் க்ரீக் மாதிரிப் பாதை என்றால், மோவாபுக்கு மட்டும் வானிலை பார்த்தால் போதாது. தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வடிந்து வருகிறதோ அந்த மலைப்பக்கத்துக்கும் பாருங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை வழக்கம். அந்த மாதங்களில் ஓடைப் பாதையை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர் பாதிக்கு மேல் அக்டோபர் முடிய, இவைதான் நல்ல காலம். கோடையில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர்காலத்தில் ஷேஃபர் வளைவுகளில் பனி உறைந்தால் சாலையையே மூடிவிடுவார்கள்.

மழை நின்ற பிறகும் அவசரப்படாதீர்கள். சில இடங்களில் பென்டோனைட் களிமண் இருக்கிறது. காய்ந்திருந்தால் சிமென்ட் தரை, நனைந்தால் வெண்ணெய். டயரின் பள்ளமெல்லாம் அடைந்து, நான்கு சக்கரமும் சுற்றச் சுற்ற வண்டி பக்கவாட்டில் நகரும். ஒரு நாள் காத்திருங்கள்.

படி 6: அனுமதியும் வரைபடமும்

ஒயிட் ரிம், எலிஃபன்ட் ஹில் போன்ற சாலைகளுக்கு ஒரு நாள் பயணம் என்றாலும் பர்மிட் வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்யலாம். நாய்க்குட்டியை வண்டிக்குள்ளேயே வைத்திருந்தாலும் ஒயிட் ரிம்மில் அனுமதி இல்லை.

பழைய வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள். 2023 செப்டம்பரில் மட்டும் ஜெமினி பிரிட்ஜஸ் வட்டாரத்தில் 317 மைல் பாதைகளை மோட்டார் வண்டிகளுக்கு மூட முடிவெடுத்தார்கள். வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதால் சாலை திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. கிளம்பும் நாள் காலையில் பூங்கா அலுவலகத்தில் நேரில் கேட்பதுதான் எனக்குத் தெரிந்த சிறந்த வழி. வரைபடத்தைப் போனில் முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சிக்னல் கிடைக்காது.

பாதையை விட்டு ஒரு சக்கரம்கூட வெளியே போகக் கூடாது. ஓரத்தில் கருகிய அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று ஒரு மேலோடு தெரியும். அது உயிருள்ளது. நுண்ணுயிர்கள் மண்ணைப் பின்னிப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு தடவை மிதித்தால் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

படி 7: வெயில் எந்தப் பக்கம்?

நடுப்பகலில் செம்பாறை வெளிறிப்போய்த் தட்டையாகத் தெரியும். ஃபிஷர் டவர்ஸ் மாலை வெயிலில் தணல் மாதிரி ஆகும். ஓட்டும் திசையும் முக்கியம். தூசி படிந்த கண்ணாடியில் எதிர்வெயில் விழுந்தால் முன்னால் இருப்பது பாறையா பள்ளமா தெரியாது. நான் ஷேஃபரில் காலை பத்து மணிவாக்கில் இறங்கி, பிற்பகலில் போட்டாஷ் சாலையில் மோவாப் நோக்கிக் கிழக்கே வருவேன். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்.

படி 8: அன்றைக்கு

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு நாளைக்குக் கூடுதலாக. டேங்க் நிறைய பெட்ரோல். முழு அளவு ஸ்டெப்னி, ஜாக்கி, அதற்கு அடியில் வைக்க ஒரு பலகை. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வெளியே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பூங்காவுக்குள் வண்டி நின்றுபோனால் இழுத்து வரவே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்.

மண் சாலை தொடங்கும் இடத்தில் நிறுத்தி டயர் காற்றைக் குறையுங்கள். 35 பிஎஸ்ஐ இருந்தால் 20 வாக்கில் கொண்டு வரலாம். டயர் சற்று அகலமாகப் படிந்து பாறையைப் பிடித்துக்கொள்ளும், குலுக்கலும் குறையும். வாடகை ஜீப் என்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இறக்கத்துக்கு முன்பே 4எல்லுக்கு மாற்றிவிடுங்கள்; நடுவில் மாற்ற முயல வேண்டாம். ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. வளைவுக்கு முன்னால் கீழே எட்டிப் பார்த்து, யாராவது ஏறி வந்தால் அகலமான இடத்திலேயே ஒதுங்கி நில்லுங்கள்.

தார்ச்சாலையைத் தொட்டதும் மறுபடி காற்று அடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு நெடுஞ்சாலை வேகத்தில் போனால் டயர் சூடேறி வெடிக்கும். சின்ன கம்ப்ரஸரில் நான்கு டயருக்கும் கால் மணி, அரை மணி ஆகிவிடும். போட்டாஷ் சாலை முடிவில் ஆற்றோரம் நிழல் விழுந்திருக்கும். நான் கம்ப்ரஸரை ஓடவிட்டுவிட்டு அங்கேதான் மீதித் தண்ணீரைக் குடித்து முடிப்பேன்.